பிஸ்டலில் மாட்ட எந்த லைட்: 500 லூமனா, 1000 லூமனா?

கேள்வி சுருக்கமாக இதுதான். கையில் இருப்பது ரெயில் (லைட் மாட்டக் குழலுக்கு அடியில் இருக்கும் பள்ளம் வெட்டிய பட்டை) உள்ள நடுத்தர அளவு 9 மிமீ பிஸ்டல், உரிமம் இருக்கிறது, ராத்திரி வீட்டுப் பாதுகாப்புக்கு வைத்திருப்பது, சில நாட்களில் இடுப்பில் உறையிலும் போட்டுக்கொள்வது. அதன் அடியில் மாட்ட ஒரு லைட் வேண்டும். 500 லூமன் சின்ன லைட் போதுமா, 1000 லூமன் பெரியதா, இல்லை விளம்பரத்தில் அடிக்கடி வருகிற 1500 லூமனா?

நேராகச் சொல்லிவிடுகிறேன்: பெட்டி மேல் பெரிதாக அச்சடித்திருக்கும் அந்த லூமன் எண்ணைக் கடைசியில் பாருங்கள். முதலில் உறை, அடுத்தது சுவிட்ச், அப்புறம் கேண்டெலா, அதாவது வெளிச்சக் கற்றையின் நடுச் செறிவு. இந்த மூன்றையும் பார்த்து வடிகட்டினால் மிச்சம் இரண்டு மூன்று மாடல்தான் நிற்கும், அவற்றில் எதை எடுத்தாலும் லூமன் போதுமானதாகவே இருக்கும்.

ஆனால் அதற்கும் முன்னால், கையில் பிடிக்கிற நல்ல டார்ச் ஒன்று உங்களிடம் இருக்கிறதா? இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள். பிஸ்டலில் மாட்டிய லைட் எங்கே பார்க்கிறதோ குழலும் அங்கேதான் பார்க்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டு எழுந்து போனால் அங்கே நிற்பது பெரும்பாலும் பூனை, இல்லாவிட்டால் தண்ணீர் குடிக்க எழுந்த உங்கள் பிள்ளை. அது யாரென்று பார்ப்பதற்காகக் குண்டு போட்ட பிஸ்டலை நீட்டினால், சுடத் தயாராக இல்லாத எதன் மேலும் குழலைத் திருப்பாதே என்ற அடிப்படை விதி அந்த இடத்திலேயே உடைந்துவிட்டது. தேடுவதற்கு, நடப்பதற்கு, பூட்டைப் பார்ப்பதற்கு எல்லாம் கை டார்ச். துப்பாக்கியை வெளியே எடுத்தே ஆக வேண்டிய நிலை வந்த பிறகு, எதிரில் இருப்பது யார், அவர் கையில் என்ன என்று உறுதி செய்யத்தான் துப்பாக்கி லைட். இதை நான் வலியுறுத்தினால் 'அது எல்லாருக்கும் தெரியும்' என்பார்கள். தெரிந்தவர்களே கார் சீட்டுக்கு அடியில் விழுந்த சாவியை அதை வைத்துத் தேடியதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, ஒரு சின்ன விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். லைட்டை ஆள் மேல் பிடித்தால்தான் ஆள் தெரிவார் என்று இல்லை. நல்ல லைட்டை உங்கள் காலுக்கு ஒரு மீட்டர் முன்னால் தரையில் அடித்துப் பாருங்கள். தரையிலிருந்து எகிறும் வெளிச்சத்திலேயே சாதாரண அளவு அறையில் நிற்பவரின் முகமும் கையும் தெரியும். குழலைத் தாழ்த்தி வைத்தபடியே அடையாளம் காண முடிகிறது என்பதுதான், என்னைக் கேட்டால், வீட்டுக்குள் அதிக லூமனுக்கு இருக்கிற ஒரே உண்மையான பயன்.

இப்போது உறை. ஏன் முதலில் உறை என்றால், லைட் மாட்டிய பிஸ்டலுக்கான கடின பிளாஸ்டிக் உறைகளில் பெரும்பாலானவை துப்பாக்கியைப் பிடித்து நிற்பதில்லை, லைட்டின் உடம்பைப் பிடித்துத்தான் நிற்கின்றன. அதனால் உறை என்பது உங்கள் பிஸ்டல், உங்கள் லைட், இந்த இரண்டும் சேர்ந்த ஜோடிக்கு என்று வார்க்கப்படுவது. அதே பிஸ்டலில் வேறு லைட் மாட்டினால் பழைய உறைக்குள் போகாது, போனாலும் நிற்காது. ஷ்யூர்ஃபயர் எக்ஸ்300, ஸ்ட்ரீம்லைட் டிஎல்ஆர்-1, டிஎல்ஆர்-7ஏ மாதிரி நிறையப் பேர் வைத்திருக்கும் லைட்டுகளுக்கு உறை செய்யாதவர்களே கிடையாது. நேற்று வந்த, இரண்டு மடங்கு லூமன் தருவதாகச் சொல்லும் புது லைட்டுக்கு உறை வர எத்தனை மாதம் ஆகும் என்று யாருக்கும் தெரியாது, வராமலும் போகலாம். லைட்டை வாங்கிவிட்டு உறை தேடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும், ஏனென்றால் நானும் அப்படித் தேடி அலைந்தவன்தான்.

உறை கிடைத்தாலும் ஒரு சோதனை உண்டு. மேகசினை (குண்டுகள் அடுக்கும் பெட்டியை) கழற்றி, சேம்பர் (குழலின் பின்முனையில் குண்டு உட்காரும் இடம்) காலியா என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்த்து, குண்டுகளை வேறு அறையில் வைத்துவிட்டு, பிஸ்டலை உறைக்குள் போடுங்கள். மேலிருந்து பாருங்கள். பெரிய லைட் உள்ளே போய் வர வேண்டும் என்பதால் உறையின் வாயும் அகலமாக இருக்கும், அந்த அகலத்தால் ட்ரிக்கர் கார்டுக்கு (ட்ரிக்கரைச் சுற்றி இருக்கும் வளையத்துக்கு) பக்கத்தில் ஒரு இடைவெளி விழும். அந்த இடைவெளி வழியாக உங்கள் சுண்டுவிரல் ட்ரிக்கரைத் தொட முடிகிறதா? சட்டை முனை, ஜாக்கெட்டின் இழுகயிறு ஏதாவது உள்ளே போகுமா? போகும் என்றால் அந்த உறை வேண்டாம். ஸ்லைடின் (பிஸ்டலின் மேலே முன்பின் நகரும் பாகத்தின்) அகலத்தை அதிகம் தாண்டாத சின்ன லைட்டுகளில் இந்தத் தொல்லை குறைவு. இடுப்பில் போடுவதாக நீங்கள் சொல்வதால் இதை அழுத்திச் சொல்கிறேன். படுக்கை அருகே பெட்டகத்தில் மட்டும் வைப்பதாக இருந்தால் இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை.

அடுத்தது சுவிட்ச், இங்கேதான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

பிஸ்டல் லைட்டுகளில் பரவலாக இருக்கிற சுவிட்ச் வகைகள் மூன்று. ட்ரிக்கர் கார்டுக்குச் சற்று முன்னால் இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும் நெம்பு மாதிரியானது ஒன்று, அதை மேலோ கீழோ தட்ட வேண்டும், சிலவற்றில் முன்னால் தள்ளினால் பிடித்திருக்கும் வரை மட்டும் எரியும். லைட்டின் பின்பக்கத்திலேயே தட்டையாக உட்கார்ந்திருக்கும் பட்டன் இன்னொன்று. மூன்றாவது, பிடியின் முன்பக்கத்தில் நடுவிரல் படுகிற இடத்தில் ஒட்டும் அழுத்து சுவிட்ச்.

மூன்றாவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. நடுவிரலை இறுக்கும்போது பக்கத்தில் இருக்கிற ஆள்காட்டி விரலும் சேர்ந்து இறுகுவது மனிதக் கையின் இயல்பு, பதற்றத்தில் அது இன்னும் மோசமாகும். லைட்டைப் போடத்தான் நினைத்தேன், குண்டு வெடித்துவிட்டது என்ற சம்பவங்கள் பயிற்சி பெற்ற அமெரிக்கக் காவலர்களுக்கே நடந்திருக்கின்றன, ஆட்கள் இறந்திருக்கிறார்கள், வழக்குகள் நடந்திருக்கின்றன. அதே காரணத்துக்காகத்தான் எந்த லைட்டாக இருந்தாலும் ட்ரிக்கர் விரலால் அதை இயக்கிப் பழகக் கூடாது என்கிறேன். மற்றொரு கையின் கட்டைவிரல், அது மட்டும்தான். 'எனக்கு ஆள்காட்டி விரல்தான் எட்டுகிறது' என்றால், அந்த லைட் உங்கள் கைக்கு ஒத்துவரவில்லை, வேறு பாருங்கள்.

எட்டுகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுவது நல்லது. காலியான பிஸ்டலில் மாட்டச் சொல்லுங்கள். வழக்கமாகச் சுடும் பிடியில் பிடித்து, பிடியைக் கொஞ்சமும் தளர்த்தாமல், இடது கட்டைவிரலால் (இடதுகைக்காரர் என்றால் வலது) போட்டு அணையுங்கள், ஐம்பது தடவை. பத்தாவது தடவையில் எல்லா லைட்டும் நன்றாகத்தான் இருக்கும். முப்பதுக்கு மேல் விரல் வலிக்க ஆரம்பிக்கும்போதுதான் ஸ்பிரிங் எவ்வளவு கடினம், பட்டன் எவ்வளவு ஆழம் என்று தெரியும். பக்கவாட்டில் உள்ளே அழுத்துகிற பட்டன் இருந்த ஒரு லைட்டை நான் இந்தச் சோதனை செய்யாமலே வாங்கினேன். பிடியைத் தளர்த்தாமல் அதைப் போடவே முடியாது. அது போதாதென்று பைக்குள் எதன் மீதோ பட்டு அதுவாகவே எரிந்திருக்கிறது. பையைத் திறந்தபோது ஒரு கருகிய வாடை, லென்ஸுக்கு எதிரே இருந்த துணி உறையில் காசு அளவுக்குப் பழுப்பு வட்டம், பேட்டரி செத்திருந்தது. 1000 லூமன் எல்இடி ஒரு பொருளின் மேல் ஒட்டிக்கொண்டு எரிந்தால் அவ்வளவு சூடு வரும். அதனால் தற்செயலாக எரிந்துவிடாத சுவிட்ச் என்பதையும் உங்கள் தேவைகளில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்ட்ரோப் எனப்படும் மினுக்கு வெளிச்சத்தைப் பற்றி ஒரே வரி: தேவையில்லை. எதிரில் இருப்பவரைக் குழப்புகிறதோ இல்லையோ, அவர் கையில் இருப்பது போனா கத்தியா என்று பார்க்க முயலும் உங்களை அது நன்றாகவே குழப்பும். அணைத்து வைக்க வழி இருந்தால் அணைத்து வையுங்கள்.

இப்போது வெளிச்சம். லூமன் என்பது லைட்டிலிருந்து வெளியே வருகிற மொத்த வெளிச்சம். கேண்டெலா என்பது அந்த வெளிச்சக் கற்றையின் நடுவில் அது எவ்வளவு செறிவாக இருக்கிறது என்பது. வாளியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதும், அதைக் குழாய் முனையை அழுத்திப் பிடித்து எவ்வளவு தூரம் பீய்ச்சலாம் என்பதும் வேறு வேறு அல்லவா, அதுபோல. டிஎல்ஆர்-7ஏ 500 லூமன், 5,000 கேண்டெலா. டிஎல்ஆர்-1 எச்எல் 1,000 லூமன், 20,000 கேண்டெலா. எக்ஸ்300 அல்ட்ராவும் 1,000 லூமன்தான், ஆனால் அதன் கேண்டெலா 11,300. அதே எக்ஸ்300-இன் டர்போ மாடல் 650 லூமன்தான், கேண்டெலா மட்டும் 66,000. லூமனை மட்டும் பார்த்தால் இந்தக் கடைசி லைட் பலவீனமானது என்று நினைத்துவிடுவீர்கள், திறந்த வெளியில் இந்த நான்கில் மிக அதிகத் தூரம் காட்டுவது அதுதான்.

கேண்டெலாவைத் தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் அந்தத் தூரத்தில் விழும் வெளிச்சம் லக்ஸ் கணக்கில் கிடைக்கும். 5 மீட்டரில் 5,000 கேண்டெலா லைட் 200 லக்ஸ் தருகிறது, சுமாராக விளக்கு போட்ட வரவேற்பறை அளவுக்குக் குறையாத வெளிச்சம். வீட்டுக்குள் நீங்கள் பார்க்கப் போகும் அதிகபட்சத் தூரமே அவ்வளவுதான் இருக்கும், போதும். அதே லைட் 20 மீட்டரில் 12.5 லக்ஸ்தான் தரும். கும்மிருட்டில் அதுவும் பரவாயில்லை, ஆனால் நடுவில் ஒரு தெருவிளக்கு இருந்தால், அல்லது எதிரில் இருப்பவர் காரின் முன்விளக்குக்குப் பின்னால் நின்றால், அந்த வெளிச்சத் திரையைத் தாண்டி இந்த 12.5 லக்ஸ் எதையும் காட்டாது. 20,000 கேண்டெலா அதே 20 மீட்டரில் 50 லக்ஸ், 66,000 என்றால் 165 லக்ஸ். பெரிய தோட்டம், பண்ணை, நீண்ட முற்றம் இருப்பவர்களுக்குக் கேண்டெலா ஏன் முக்கியம் என்பது இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

அப்படியானால் 66,000 வாங்கிவிடலாமே என்றால், குறுகலான நடைவழியில் வெள்ளைச் சுவர் மேல் அதை இரண்டு மீட்டரில் அடித்துப் பாருங்கள். கணக்குப்படி 16,500 லக்ஸ், கண்ணைச் சுருக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்புவீர்கள், லைட்டை அணைத்த பிறகு அந்த வட்டம் கண்ணுக்குள்ளேயே மிதந்துகொண்டிருக்கும். இருட்டுக்குப் பழகிய கண் முழுமையாகத் திரும்ப அந்த நிலைக்கு வர இருபது முப்பது நிமிடம் ஆகும். அதோடு, இவ்வளவு குவிந்த கற்றையில் முகம் தெரியும், கை தெரியாது. வீட்டுக்குள் உங்களுக்கு வேண்டியது முகத்தையும் இரண்டு கைகளையும் ஒரே நேரத்தில் காட்டும் அகலமான வெளிச்சம். என் கணக்கில் 500 முதல் 1,000 லூமன், 5,000 முதல் 20,000 கேண்டெலா என்ற எல்லைக்குள் எது கிடைத்தாலும் வீட்டுக்குச் சரி. 1,500 லூமன் என்று கத்துகிற லைட்டின் கேண்டெலாவைத் தேடிப் பாருங்கள், எங்காவது சின்ன எழுத்தில் இருக்கும், அல்லது போடவே மாட்டார்கள்.

பெட்டி மேல் போட்டிருக்கும் இன்னும் இரண்டு எண்கள் ஆளை ஏமாற்றும். எஃப்எல்1 என்ற தர அளவீட்டின்படி 'பீம் தூரம்' என்பது வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறையும் இடம், அதாவது பௌர்ணமி நிலவு அளவு. 5,000 கேண்டெலாவுக்கு அது 141 மீட்டர் என்று வரும். அந்தத் தூரத்தில் ஏதோ நிற்கிறது என்பது தெரியலாம், யார் என்பது தெரியாது. அதேபோல 'எரியும் நேரம் ஒன்றரை மணி' என்றால் ஒன்றரை மணி நேரமும் ஆரம்ப வெளிச்சம் இருக்கும் என்று பொருள் இல்லை, பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை உள்ள நேரம் அது. சில லைட்டுகள் சூடு ஏறாமல் இருக்கத் தாமே சில நிமிடங்களில் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். வெட்டவெளிச்சமான கடைக்குள் மூன்று நொடி போட்டுப் பார்த்தால் இதெல்லாம் தெரியாது.

பேட்டரி விஷயத்தில் நான் பழைய ஆள். சிஆர்123ஏ, 3 வோல்ட், மறுபடி சார்ஜ் செய்ய முடியாத லித்தியம்; பெட்டியில் போட்டு வைத்தால் பத்து வருடம் கெடாது, கடும் குளிரிலும் வேலை செய்யும். சார்ஜ் செய்யும் லைட்டுகளும் நல்லவைதான், பயிற்சிக்கு மலிவு, ஆனால் பேட்டரியைக் கழற்றவே முடியாதபடி உள்ளே அடைத்திருக்கும் மாடல் வேண்டாம். சிஆர்123ஏ இடத்தில் அதே அளவில் இருக்கும் சார்ஜ் பேட்டரியை, கையேடு அனுமதிக்காமல் போடாதீர்கள். முழு சார்ஜில் ஒவ்வொன்றும் 4.2 வோல்ட், இரண்டு சேர்ந்தால் 6 வோல்ட் எதிர்பார்க்கும் லைட்டுக்கு 8.4 போகும். இரண்டு பேட்டரி போடும் லைட்டில் புதிதும் பழையதும் கலந்து போடுவது இன்னும் ஆபத்து, பலவீனமானது சூடேறி வாயு கக்கி வெடித்துவிடக்கூடும். மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், மாற்றிய தேதியைச் சின்ன ஸ்டிக்கரில் எழுதி லைட்டின் அடியில் ஒட்டிவிடுங்கள்.

எடையைப் பற்றிக் கேட்பார்கள். டிஎல்ஆர்-7ஏ ஏறக்குறைய 70 கிராம், டிஎல்ஆர்-1 எச்எல் ஏறக்குறைய 120. கையில் வைத்துச் சுடும்போது முன்னால் இருக்கும் எடை உதைப்பைக் கொஞ்சம் அடக்கக்கூட செய்யும். இடுப்பில் நாள் முழுக்கப் போடும்போது அந்த 50 கிராம் வித்தியாசத்தைவிட லைட்டின் நீளமும் அகலமும்தான் உறுத்தும்.

மாட்டுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. எல்லா ரெயிலும் ஒரே ரெயில் இல்லை. 1913 எண் கொண்ட ராணுவத் தரத்தின் பிகாட்டினி ரெயிலில் குறுக்குப் பள்ளம் 5.23 மிமீ அகலம். க்ளாக் மாதிரி பிஸ்டல்களில் ரெயிலின் வடிவம் கொஞ்சம் வேறு. அதனால் லைட்டோடு ஒரு சின்ன பாக்கெட்டில் மூன்று நான்கு பிளாஸ்டிக் கட்டைகள் வரும், உங்கள் பிஸ்டலுக்கு உரியதை எடுத்து மாற்றிப் போட வேண்டும். பலர் அந்தப் பாக்கெட்டைப் பிரிக்காமலே ஏற்கெனவே இருக்கும் கட்டையோடு திருகிவிட்டு 'லைட் ஆடுகிறது' என்று புலம்புவார்கள். திருகை விரலால் இறுக்கி, அப்புறம் ஒரு நாணயத்தால் கால் சுற்று, போதும். மாட்டும்போது பிஸ்டல் காலியாக இருக்க வேண்டும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன்: சில மாடல்களை முன்பக்கத்திலிருந்து தள்ளி ஏற்ற வேண்டும், உள்ளங்கை குழல் வாய்க்கு நேர் எதிரே வரும்.

அச்சு அசலாக அதே தோற்றத்தில், அதே பெயர் பொறித்து, பொம்மைத் துப்பாக்கிகளுக்காகச் செய்த போலிகள் சந்தையில் நிறைய. மேசை மேல் வைத்துப் பார்த்தால் அசலைவிட அழகாக எரியும். உண்மையான பிஸ்டலின் உதைப்பில் ஒரு மேகசின் முடிவதற்குள் மினுக்க ஆரம்பித்துவிடும்.

அசலாகவே இருந்தாலும் சுட்டுப் பார்க்காமல் நம்ப வேண்டாம். லைட் மாட்டியபடி குறைந்தது 150, 200 குண்டுகள், நீங்கள் உண்மையில் போட்டு வைக்கும் குண்டு வகையிலும் சில மேகசின்கள். லைட் பிஸ்டலின் போக்கையே மாற்றிவிடலாம். அமெரிக்கக் காவல் துறைகளில் ஒரு காலத்தில் பரவலாக இருந்த ஒரு .40 காலிபர் பிஸ்டலில், லைட் இல்லாதபோது ஒழுங்காக ஓடியது லைட் மாட்டியதும் குண்டு ஏறாமல் சிக்க ஆரம்பித்தது, கடைசியில் மேகசின் ஸ்பிரிங்கை வலுவாக்கித்தான் சரி செய்தார்கள். 9 மிமீயில் இது அபூர்வம், இருந்தாலும் உங்கள் பிஸ்டலில் இல்லை என்பது சுட்ட பிறகுதான் தெரியும். குண்டு படும் இடம் நகர்ந்திருக்கிறதா என்று காகித இலக்கில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சுட்டு முடித்ததும் லென்ஸைப் பாருங்கள், கரி படிந்து கறுப்பாக இருக்கும். பெரிய லைட்டுகளில் லென்ஸ் குழல் வாய்க்கு அருகே வருவதால் கரி இன்னும் மோசம். நூறு குண்டுக்குப் பிறகு லைட்டின் வெளிச்சம் பாதியானது போலத் தெரிந்தால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். சுடுவதற்கு முன்னால் உதட்டுக்குப் பூசும் தைலத்தை மெல்லிய படலமாக லென்ஸ் மேல் தடவிவிட்டால், முடிந்ததும் துணியால் ஒரே துடைப்பில் கரி தைலத்தோடு வந்துவிடும். மறந்துவிட்டால் பென்சில் அழிப்பான் போதும், கண்ணாடி லென்ஸாக இருந்தால். கத்தி முனையால் சுரண்டுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் லென்ஸில் கோடுகளைப் பார்க்கலாம்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். நடுத்தர பிஸ்டல், பாதி நேரம் பெட்டகம், பாதி நேரம் இடுப்பு என்பதால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஸ்லைடு அகலத்தை அதிகம் தாண்டாத 500 லூமன் சின்ன லைட்டைத்தான் எடுப்பேன், கட்டைவிரல் எட்டினால். இடுப்பில் போடுவதை விட்டுவிடப் போகிறீர்கள் என்றாலோ, வீட்டைச் சுற்றி முப்பது நாற்பது மீட்டர் திறந்த இடம் இருக்கிறது என்றாலோ 20,000 கேண்டெலா உள்ள பெரியது. லேசர் சேர்ந்து வருவதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள், அதே பேட்டரியைத் தின்னும், இன்னொரு சுவிட்சை நினைவில் வைக்க வேண்டும். 1,500 லூமன் பற்றிக் கடைக்காரர் மறுபடி பேசினால் அதற்கு உங்கள் பிஸ்டலோடு சேர்ந்த உறை இருக்கிறதா, கேண்டெலா எவ்வளவு என்று இரண்டே கேள்வி கேளுங்கள்.